அட்ரினல் கட்டியும் அதற்கான மருந்தும்: அறிந்து உட்கொள்ளும் முறை

நோய் வந்தால் மருந்து உண்கிறோம். மருந்து நோயைத் தீர்க்கும் என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால், முறை தவறி உட்கொள்ளும் மருந்து நோயினும் பெரிய தீங்காய் முடியக்கூடும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைவலிக்கு இரண்டு மாத்திரை, சளிக்கு இரண்டு மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. பெரும்பாலான வேளைகளில் அதனால் பெருங்கேடு விளைவதில்லை. ஆயினும், சாதாரணச் சளி மாத்திரைகூட உயிருக்கு உலை வைக்கக்கூடிய நோய் ஒன்று உண்டு. அந்நோயையும், அதற்கான மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறையையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அட்ரினல் சுரப்பியில் தோன்றும் ஒரு வகைக் கட்டியே அந்நோய். மருத்துவர்கள் அதனைப் ‘பியோகுரோமோசைட்டோமா’ என்பர். பெயர் நீளமானது, வாயில் நுழையாதது. பெயரை மறந்தாலும் குற்றமில்லை; பின்வரும் செய்திகளை மறவாதிருந்தால் போதும்.

சுரப்பியின் வேலை

நம் இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒவ்வொரு சிறு சுரப்பி அமைந்துள்ளது. ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம்தான். அதன் உட்பகுதி அட்ரினலின், நோர் அட்ரினலின் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஹார்மோன் என்பது இரத்தத்தில் கலந்து சென்று பிற உறுப்புகளை ஏவும் சுரப்பு நீராகும். இவற்றுள் அட்ரினலினைத் தூய நிலையில் பிரித்தெடுத்து 1901 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் ஜப்பானிய அறிஞர் தாக்காமினே ஆவார்.

விடியற்காலையில் நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறோம். காலடியில் ஒரு பாம்பு நெளிகிறது. அந்த நொடியில் நம் உடம்பில் என்ன நிகழ்கிறது? நெஞ்சு படபடவென அடிக்கிறது. முகம் வெளுக்கிறது. வியர்வை அரும்புகிறது. உளியை எறிந்துவிட்டு ஒரே தாவலில் விலகிவிடுகிறோம். அட்ரினல் சுரப்பி தன் நீரை இரத்தத்தில் பாய்ச்சியதன் விளைவே இது. பாம்பு போனதும் சுரப்பி அடங்கும். உடம்பும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆபத்தினின்று நம்மைக் காக்க இயற்கை அளித்த ஏற்பாடு இது.

சுரப்பியில் இக்கட்டி வளர்ந்துவிட்டால் இந்த ஏற்பாடு நிலைகுலைகிறது. பாம்பும் இல்லை, புலியும் இல்லை. ஆயினும் கட்டி தன் விருப்பம்போல் ஹார்மோனைக் கொட்டுகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இரத்த அழுத்தம் கடுமையாக ஏறுகிறது.

அடையாளங்கள்

மண்டை வெடிப்பது போன்ற தலைவலி, காரணமின்றிப் பெருகும் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு ஆகிய மூன்றும் ஒருசேரத் திடீரென வந்து, சில நிமிடங்களோ ஒரு மணி நேரமோ நின்று, பிறகு தானே அடங்குவது இந்நோயின் முக்கிய அடையாளமாகும். முகம் வெளுத்தல், கை நடுக்கம், இனமறியா அச்சம் ஆகியவையும் தோன்றலாம். குனிதல், பளு தூக்குதல், வயிற்றை அழுத்துதல், மலங்கழிக்க முக்குதல் ஆகியவற்றால் இத்தாக்குதல் கிளம்பக்கூடும். பால் வாளியைத் தூக்கும்போது இவ்வாறு நேர்ந்தால், களைப்பினால் வந்தது என்று நினைத்து விட்டுவிடுவது எளிது. வேறு சிலர், பயந்த கோளாறு என்றும் காற்றுக் கருப்பு என்றும் கருதி மந்திரிப்பவரை நாடுவர். அதற்குள் கட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இதைப் படித்ததும் இரத்த அழுத்தமுள்ள அன்பர்கள் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூவர் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள். அத்தகையோர் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டாலும், இக்கட்டி உடையவர் ஆறு பேருக்கு மேல் இருப்பது அரிது. எனினும் இளவயதிலேயே அழுத்தம் மிகுந்தவர்களும், மூன்று வகை மருந்து உண்டும் அழுத்தம் குறையாதவர்களும், மேற்கூறிய மூன்று அடையாளங்களும் சேர்ந்து வருபவர்களும் டாக்டரிடம் தவறாது கூற வேண்டும். இரத்தத்தையோ, 24 மணி நேரம் சேர்த்த சிறுநீரையோ சோதித்தால் கட்டியின் சுரப்பு வெளிப்பட்டுவிடும். பிறகு ஊடுகதிர்ப் படங்களின் வழி அது இருக்கும் இடத்தையும் காணலாம்.

அறுவைக்கு முன் மருந்து ஏன்?

கட்டியை அறுவைச் சிகிச்சையால் அகற்றுவதே இந்நோய்க்கு உரிய தீர்வு. சுவிட்சர்லாந்தில் ரூ என்பவரும் அமெரிக்காவில் மேயோ என்பவரும் 1926 ஆம் ஆண்டில் இத்தகைய கட்டிகளை வெற்றியுடன் அகற்றினர். ஆனால், அக்காலத்தில் இவ்வறுவை மிகுந்த ஆபத்துடையதாக இருந்தது. மருத்துவரின் கை பட்டதும் கட்டி ஹார்மோனைப் பீய்ச்சும். அழுத்தம் வானளாவ ஏறும். கட்டியை எடுத்தவுடன் ஹார்மோன் நின்றுபோகும். அழுத்தம் பாதாளத்திற்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காமல் மாண்டவர் பலர். இன்றோ, தேர்ந்த மருத்துவமனைகளில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவானவர்களே இவ்வறுவையால் உயிரிழக்கின்றனர். இம்மாற்றத்திற்குப் பெருங்காரணம், அறுவைக்கு முன் ஏழு முதல் பதினான்கு நாட்களோ அதற்கு மேலோ நோயாளி உட்கொள்ளும் மருந்தாகும்.

அம்மருந்துகளுள் ஒன்று ‘பினாக்சிபென்சமைன்’. பெரும்பாலும் 10 மில்லிகிராம் குளிகையாகக் கிடைக்கும். இதே நோக்கத்திற்காக ‘டாக்ஸாசோசின்’, ‘பிராசோசின்’ முதலிய மருந்துகளையும் டாக்டர்கள் கொடுப்பதுண்டு. இவை யாவும் ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் எனப்படும்.

இது வேலை செய்யும் விதத்தை ஓர் உவமையால் விளக்குவோம். இரத்தக் குழாய்ச் சுவரில் பல பூட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஹார்மோன் என்னும் சாவி அப்பூட்டில் நுழைந்து திருகினால் குழாய் இறுகும். பினாக்சிபென்சமைன் முந்திச் சென்று பூட்டின் துளையை அடைத்துவிடுகிறது. சாவி எவ்வளவு வந்தாலும் நுழைய இடமில்லை. எனவே குழாய் தளர்கிறது, அழுத்தம் தணிகிறது. அடைபட்ட பூட்டு மறுபடி திறப்பதில்லை. உடம்பு புதிய பூட்டுகளை உண்டாக்கிய பிறகே பழைய நிலை திரும்பும். அதனால்தான் இம்மருந்தை நிறுத்திய பின்னும் அதன் வேலை சில நாட்கள் நீடிக்கிறது.

இந்த ஒரு கருத்தை மனத்தில் பதித்துக்கொண்டால், கீழே கூறும் விதிகளின் காரணம் தானே விளங்கும்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

முதலாவது: அளவை நாமே மாற்றலாகாது. டாக்டர் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து உயர்த்துவார். ‘மெதுவாகத்தானே குறைகிறது, இன்னும் ஒன்று போட்டுக்கொள்வோம்’ என்று கூடுதலாக விழுங்கினால், அதன் விளைவு பல நாட்கள் நீடித்து நம்மைப் படுக்கையில் கிடத்திவிடும். ‘தலைவலி போய்விட்டது, இனி எதற்கு?’ என்று நிறுத்தினால், கட்டி மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். ஒருவேளை உண்ண மறந்தால் நினைவு வந்ததும் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரு வேளை மருந்தை ஒன்றாக விழுங்குதல் கூடாது. வயிற்றைப் புரட்டினால் உணவுடன் உண்பது நலம்.

இரண்டாவது: எழுவதில் நிதானம் வேண்டும். படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களுக்கு இறங்கும். அப்போது குழாய்கள் தாமே இறுகி இரத்தத்தை மூளைக்கு ஏற்றும். மருந்து உண்பவருக்கோ குழாய்கள் இறுகா. ஆகவே தலை சுற்றும், கண் இருளும், சிலர் விழுந்தும் விடுவர். பிரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று விடியலில் துள்ளி எழும் வழக்கத்தை இந்நாட்களில் கைவிட வேண்டும். கண் விழித்ததும் புரண்டு, கட்டிலின் ஓரத்தில் சில நிமிடங்கள் அமர்ந்து, கால்களை ஆட்டி, பின்னர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுவதே முறை. தலை சுற்றினால் உடனே படுத்துக் கால்களைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். வெந்நீர்க் குளியல், நெடுநேரம் அசையாது நிற்றல், கொளுத்தும் வெயில் ஆகியவை மயக்கத்தை மிகுவிக்கும். கள், சாம்சு முதலிய மது வகைகள் அறவே ஆகா.

மூன்றாவது: நீரும் உப்பும் பற்றிய அறிவுரை இங்கே வேறானது. இரத்த அழுத்தக்காரர் உப்பைக் குறைக்க வேண்டும் என்று நாம் இவ்விதழில் பலமுறை வலியுறுத்தி வருகிறோம். அது மற்ற எல்லோருக்கும் உரியது. இந்நோயாளிக்கு மட்டும், மருந்து தொடங்கிய சில நாட்களில், நிறைய நீர் பருகும்படியும் உணவில் உப்பைக் கூட்டும்படியும் டாக்டர் கூறுவார். காரணம் யாது? நெடுநாள் இறுகிக் கிடந்த குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவும் சுருங்கியிருக்கும். குழாய்கள் தளர்ந்து விரியும்போது அவற்றை நிரப்ப நீர் வேண்டும். நீரை உடம்பில் நிறுத்த உப்பு வேண்டும். ‘அழுத்தக்காரருக்கு உப்பு ஏன்?’ என்று வீட்டார் தடுத்தலாகாது. அதே சமயம், இதயமோ சிறுநீரகமோ பழுதுற்றவர்களுக்கு இது பொருந்தாது. எனவே டாக்டர் சொன்னால் மட்டுமே உப்பைக் கூட்ட வேண்டும்; நாமே முடிவு செய்தல் தவறு.

நான்காவது: இரு மருந்துகளின் வரிசை மாறலாகாது. நெஞ்சுப் படபடப்பைத் தணிக்க ‘பிராபனலால்’ போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளையும் டாக்டர் பிறகு சேர்ப்பதுண்டு. ஆல்ஃபா தடுப்பு மருந்து சில நாட்கள் நன்கு வேலை செய்த பின்னரே இது சேர்க்கப்படும். முன்னதாக இதை மட்டும் உண்டால், குழாய்களைத் தளர்த்தும் வழி அடைபட்டு, இறுக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். அழுத்தம் கட்டுக்கடங்காது ஏறும். ஆகவே, படபடப்புக்காக முன்பொருமுறை வேறு கிளினிக்கில் வாங்கி வைத்த மாத்திரை வீட்டில் கிடக்கிறதென்று எடுத்து விழுங்குவது பேராபத்து. அத்தகைய பழைய மாத்திரைகளை எல்லாம் ஒரு பையிலிட்டு டாக்டரிடம் காட்டுவதே அறிவுடைமை.

ஐந்தாவது: மூக்கடைப்பில் எச்சரிக்கை வேண்டும். இதனைச் சற்று விரித்துரைப்பது நம் கடமை. இம்மருந்து உண்பவர்களுக்கு மூக்கு அடைத்துக்கொள்வது மிகவும் இயல்பு. மூக்கினுள் உள்ள நுண்குழாய்களும் தளர்ந்து வீங்குவதே அதற்குக் காரணம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளமே தவிர, சளிக் காய்ச்சல் அன்று. பால்வெட்டும் அன்பர் ஒருவர் இம்மருந்தை உண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூக்கடைப்பால் இரவில் உறக்கமில்லை. மறுநாள் கடைக்குச் சென்று, மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை கேட்கிறார். மூக்கடைப்பு மாத்திரைகள் பலவற்றில் ‘சூடோஎபிட்ரின்’, ‘பினைலெப்ரின்’ போன்ற பொருள்கள் உள்ளன. அவை குழாய்களை இறுக்கியே அடைப்பை நீக்குகின்றன. கட்டியுடையவருக்கு அழுத்தத்தைத் திடீரென ஏற்றவும் வல்லவை. நோயைத் தணிக்கும் மருந்தால் மூக்கடைப்பு; மூக்கடைப்புக்கு வாங்கிய மாத்திரையால் உயிருக்கு ஆபத்து! சளி மாத்திரை, இருமல் மருந்து, மூக்கில் விடும் சொட்டு மருந்து எதுவாயினும் டாக்டரையோ மருந்தாளரையோ கேளாமல் தொடலாகாது. மூக்கடைப்பு தாங்க முடியாததாயின் டாக்டரிடமே கூறலாம்; உப்பு நீர்ச் சொட்டு போன்ற தீங்கற்ற வழியை அவர் காட்டுவார்.

ஆறாவது: வேறு மருந்துகளிலும் விழிப்பு வேண்டும். வாந்திக்குக் கொடுக்கப்படும் ‘மெட்டோகுளோப்ரமைடு’, மனச்சோர்வுக்கான சில மருந்துகள், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை இக்கட்டியைச் சீண்டித் தாக்குதலைக் கிளப்பக்கூடும். மூட்டு வலிக்கென்று விற்கப்படும் ஜாமு, பொடி, கேப்சூல் ஆகியவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டறிந்துள்ளனர். முறைப்படி பதிவு பெற்ற மருந்தின் உறையில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஒளிரும் பாதுகாப்பு வில்லையும் இருக்கும். அவை இல்லாத பொருளை எந்நோயாளியும் வாங்கலாகாது. இந்நோயாளி அதன் அருகேயும் செல்லலாகாது. பல் பிடுங்கச் சென்றாலும், வேறு நோய்க்கு ஊசி போடச் சென்றாலும், ‘எனக்கு அட்ரினல் கட்டி உண்டு; இன்ன மருந்து உண்கிறேன்’ என்று முதலில் கூறிவிட வேண்டும். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அடையாள அட்டையுடன் வைத்திருப்பது நன்று.

பிற விளைவுகள்

களைப்பும் உறக்கக் கலக்கமும் தோன்றலாம். ஆதலின் மருந்து உடம்புக்குப் பழகும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், மேட்டுச் சரிவுகளில் மரம் வெட்டுவதும் தவிர்க்கத்தக்கவை. கண்ணின் பாவை சுருங்குவதால், விடியலுக்கு முந்திய மங்கிய வெளிச்சத்தில் நடக்கும்போது கவனம் தேவை. ஆண்களுக்கு இல்லற வாழ்வில் விந்து வெளிப்படாமை போன்ற மாற்றம் நேரலாம். அது மருந்தின் விளைவே. மருந்து நின்ற பின் நீங்கும். வெட்கத்தால் யாரிடமும் கூறாமல் மருந்தை மட்டும் நிறுத்திவிடுவோர் உண்டு. அது தம் உயிரையே பணயம் வைப்பதாகும். டாக்டரிடம் கூறுவதில் வெட்கம் வேண்டா.

நெடுங்காலம் பினாக்சிபென்சமைன் கொடுக்கப்பட்ட ஆய்வுக்கூட விலங்குகளில் புதிய கட்டிகள் தோன்றியதுண்டு. ஆதலால் அறுவை வரையிலான குறுகிய காலத்திற்கே பெரும்பாலும் இது கொடுக்கப்படுகிறது. ‘மருந்துதான் நன்றாக வேலை செய்கிறதே, அறுவை எதற்கு?’ என்று நாளைக் கடத்துவது இதனாலும் பொருந்தாது. மருந்து கட்டியைக் கரைப்பதில்லை. அறுவைக்கு உடம்பை ஆயத்தப்படுத்துகிறது, அவ்வளவே.

வேலையும் விடுப்பும்

‘இரண்டு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் என்னாவது?’ என்ற கவலை எழுவது இயல்பே. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவர்க்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பணிபுரிந்தவர்க்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவர்க்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 2023 ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்த 60 நாள், நோய் விடுப்பிலிருந்து கழிக்கப்படாமல் தனியே கணக்கிடப்படுகிறது. டாக்டர் தரும் விடுப்புச் சீட்டைக் காலந்தாழ்த்தாமல் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். சம்பளத்திற்கு அஞ்சி மருந்தை மறைத்துக்கொண்டு வேலைக்குச் சென்று, வாளியோடு சரிவில் மயங்கி விழுவதைவிட, சட்டம் அளித்துள்ள உரிமையைப் பயன்படுத்திக்கொள்வதே சிறப்பு.

குடும்பத்தாரின் பங்கு

வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்ற கருத்தை வைத்துள்ளார். நான்காமவரின் பங்கை நாம் குறைவாக மதித்துவிடுகிறோம். மனைவியோ மகனோ மருமகளோ செய்யக்கூடிய உதவி பெரிது. வீட்டில் அழுத்தமானி இருந்தால், உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தைப் பார்த்து, நாள், நேரத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். இல்லையேல் சுகாதாரக் கிளினிக்கில் பார்த்துக் குறித்து வரலாம். நிற்கும்போது மேல் எண் 90க்குக் கீழே இறங்கினாலோ, மயக்கம் அடிக்கடி வந்தாலோ அன்றே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கடுந்தலைவலி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவு தடுமாறுதல் ஆகியவை தோன்றினால் சற்றும் தாமதியாமல் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

குடும்பத்தார் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. 1886 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் 18 வயது மங்கை ஒருத்தி இந்நோயால் மாண்டாள். மருத்துவ ஏடுகளில் முதன்முதலாக இடம்பெற்ற இந்நோயாளிகளுள் அவளும் ஒருத்தி. நூறாண்டுக்கும் மேல் கழிந்து, 2007 ஆம் ஆண்டில் அவளுடைய குடும்ப வழியினரை ஆராய்ந்தபோது, இக்கட்டியைத் தோற்றுவிக்கும் மரபணுக் குறை அவர்களிடம் வழிவழியாக வந்திருப்பது தெரிந்தது. இந்நோயுடையோரில் ஏறத்தாழ மூவருள் ஒருவருக்கு இது பரம்பரையாக வந்ததாக இருக்கும். எனவே உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டறிவது நலம்.

அறுவைக்குப் பின்

கட்டி அகற்றப்பட்டதும் பெரும்பாலோர்க்கு அழுத்தம் சீரடைகிறது. எனினும் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கட்டி மீண்டும் தோன்றியதுண்டு. ஆகவே ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்வதை விடலாகாது. இரு சுரப்பிகளும் நீக்கப்பட்டவர்கள், டாக்டர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். அது அவர்களுக்கு உணவும் நீரும் போன்றது, ஒருநாளும் நிறுத்தலாகாது.

நினைவிற் கொள்க

1. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை.
2. படுக்கையிலிருந்து மெல்ல எழுக. மயக்கம் வந்தால் உடனே படுத்துக்கொள்க.
3. நீரும் உப்பும் டாக்டர் சொன்ன அளவில் கொள்க.
4. படபடப்புக்கான பழைய மாத்திரையைத் தாமே எடுத்து உண்ணற்க.
5. மூக்கடைப்புக்குக் கடையில் மாத்திரை வாங்கற்க.
6. எங்கு சென்றாலும் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் முதலில் கூறுக.

இப்பாடத்தைப் படித்தவர்கள், படிக்க இயலாத முதியோர்க்கும் வாசித்துக் காட்டும்படி வேண்டுகிறோம். அரிய நோய்தான், ஆயினும் ஏதேனும் ஒரு தோட்டத்தில், ஏதேனும் ஒரு வீட்டில், தலைவலியும் வியர்வையும் படபடப்புமாய் ஒருவர் காரணம் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கக்கூடும். அவரை டாக்டரிடம் அனுப்பி வைக்கவும், மருந்து தொடங்கிய பின் கடை மாத்திரையினின்று காக்கவும் இக்கட்டுரை உதவுமாயின், இதனை எழுதியதன் பயனை நாம் அடைந்தவராவோம்.